ஒரு வார்டில் செய்து காட்டுங்கள்: சென்னை மாநகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேயர் அவர்களுக்கும் 200 வார்டுகளின் கவுன்சிலர்களுக்கும், வணக்கம்.

குழந்தைகளின் உடல் பருமன் பற்றி எழுதுகிறேன். இதை ஏன் எங்களுக்கு எழுதுகிறாய், டாக்டரும் அப்பா அம்மாவும் பார்த்துக்கொள்ள வேண்டிய சமாச்சாரம்தானே இது என்று உங்களில் பலருக்குத் தோன்றும். பிளாட்பாரமும் பூங்காவும் விளையாட்டு மைதானமும் மாநகராட்சிப் பள்ளியும் தெருக்கடைகளும் யார் பொறுப்பில் இருக்கின்றனவோ அவர்களுக்குத்தான் இதில் முதல் வேலை இருக்கிறது என்று நான் நம்புகிறேன். அதனால்தான் இந்தக் கடிதம் உங்களுக்கு.

நான் டயட்டீஷியனாக வேலை செய்கிறேன். எடை கூடிய பிள்ளைகளோடு அம்மாக்கள் வருவார்கள், எடை பார்ப்போம், உயரம் பார்ப்போம், காலையில் என்ன, மதியம் என்ன, எதைக் குறைக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்போம். அப்படி ஒரு தாளை வாங்கிய அம்மா, ஒன்பது வயதுப் பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, கடைசி வரியைக் காட்டிக் கேட்டார்: "தினமும் ஒரு மணி நேரம் விளையாடணும்னு போட்டிருக்கீங்களே மேடம், எங்க போய் விளையாடுவான்? எங்க தெருவுல ரெண்டு பக்கமும் வண்டி நிக்குது, கிரவுண்டுக்குப் போகணும்னா மெயின் ரோடைத் தாண்டணும், நான் வேலை முடிஞ்சு வர ஏழரை ஆகுது." பையன் தலையைக் குனிந்துகொண்டு சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டிருந்தான். அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் அதற்கு பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

இதே கேள்வியை ஒரு ஊர் முழுவதற்குமாகக் கேட்டுப் பார்த்த ஒரு ஆராய்ச்சியாளர் இருக்கிறார். அமெரிக்காவில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டினா எகனாமோஸ். பாஸ்டனுக்குப் பக்கத்தில் சோமர்வில் என்று ஒரு சின்ன நகரம், நெருக்கமாக வீடுகள், பிரேசிலிலிருந்தும் ஹெய்ட்டியிலிருந்தும் எல் சால்வடாரிலிருந்தும் வந்து குடியேறிய உழைக்கும் குடும்பங்கள் நிறைய. அங்கே 2002-இல் ஆரம்பித்து ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளை மனதில் வைத்து 'ஷேப் அப் சோமர்வில்' என்று ஒரு திட்டத்தை அவரும் அவருடைய குழுவும் ஊர்க்காரர்களோடு சேர்ந்து செய்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க அதே மாதிரியான வேறு இரண்டு ஊர்களை எடுத்துக்கொண்டார்கள், அங்கே எதையும் மாற்றவில்லை, பிள்ளைகளை அளந்து மட்டும் வைத்தார்கள்.

எந்தப் பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு "நீ குண்டாக இருக்கிறாய், குறைத்துக்கொள்" என்று சொல்வது இந்தத் திட்டத்தில் இல்லை. பிள்ளை காலையில் எழுந்ததிலிருந்து ராத்திரி தூங்கும் வரை எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் மாற்றினார்கள். பள்ளிச் சாப்பாட்டில் பழமும் காய்கறியும் கூடின, பள்ளி முடிந்த பிறகு நடக்கும் வகுப்புகளில் ஓடியாடும் நேரம் சேர்ந்தது. பள்ளிக்கு நடந்து வர வசதியாக ஜீப்ரா கிராசிங் கோடுகளைப் புதிதாக அடித்தார்கள். ஹோட்டல்காரர்களிடம் பேசி, சின்ன அளவிலும் பரிமாறுங்கள், பழமும் காயும் வையுங்கள், அப்படிச் செய்தால் உங்கள் கடைக்கு எங்கள் அங்கீகாரம் உண்டு என்றார்கள். டாக்டர்களுக்கும் பள்ளி நர்சுகளுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். பெற்றோருக்குச் செய்தி மடல் போனது. ஊர் மேயரும் இதில் இருந்தார். எல்லாம் சேர்த்து ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 125 கலோரி வரை வித்தியாசம் வந்தால் போதும் என்பதுதான் அவர்கள் வைத்த இலக்கு. நம் கடைகளில் தொங்கும் 25 கிராம் சிப்ஸ் பாக்கெட் ஒன்றில் இருப்பது அதைவிடச் சற்றுக் கூடுதல்தான்.

முதல் பள்ளி ஆண்டின் முடிவுகள் 2007-இல் வெளியாயின. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐயை வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ப சரிசெய்து பார்த்ததில், மற்ற இரண்டு ஊர்ப் பிள்ளைகளோடு ஒப்பிடும்போது சோமர்வில் பிள்ளைகளுக்கு அது 0.1 அளவுக்குக் குறைந்திருந்தது. கேட்க ரொம்பச் சின்ன எண், எனக்கும் தெரியும். வளர்கிற பிள்ளை ஒன்றுக்கு அது சுமார் அரைக் கிலோ கூடாமல் நிற்பதுதான். ஆனால் அந்த அரைக் கிலோ, ஆஸ்பத்திரிக்கு வந்த பத்துப் பேருக்குக் கிடைத்ததில்லை, ஒரு ஊரின் பிள்ளைகளுக்குச் சராசரியாகக் கிடைத்தது, ஒரே வருடத்தில். நான் ஒரு வருடம் முழுக்கத் தாளில் எழுதிக் கொடுத்தாலும் ஒரு ஊரின் சராசரியை அசைக்க முடியாது.

மூன்றே ஊர்கள்தானே, எந்த ஊரில் செய்வது என்று குலுக்கிப் போட்டு எடுக்கவில்லையே என்று ஆராய்ச்சி தெரிந்தவர்கள் கேட்பார்கள், நியாயமான கேள்விதான். அதனால் இன்னொரு ஊரையும் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தில் கோலாக் என்ற ஊரில் 2003 முதல் 2006 வரை பாய்ட் ஸ்வின்பர்னும் ஆண்ட்ரியா சானிகோர்ஸ்கியும் அவர்கள் குழுவும் இதே பாணியில் வேலை செய்தார்கள். அங்கே 4 முதல் 12 வயதுப் பிள்ளைகளின் எடை, ஒப்பிட்ட பகுதியைவிடச் சராசரியாகக் கிட்டத்தட்ட ஒரு கிலோ குறைவாகக் கூடியது, இடுப்புச் சுற்றளவு 3 செ.மீ. குறைவாகக் கூடியது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. ஒப்பிட்ட பகுதியில் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் எடை அதிகம் ஏறியது, கோலாக்கில் அந்த ஏற்றத்தாழ்வு தெரியவில்லை. பணம் இருக்கிறவர்கள் நீச்சல் வகுப்புக்கும் டென்னிஸ் வகுப்புக்கும் அனுப்பிக்கொள்வார்கள், ஊரே மாறினால்தான் இல்லாதவர்களுக்கும் வந்து சேரும்.

சரி, நம் ஊருக்கு வருவோம். மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் சென்னையில் 51 பள்ளிகளில் 6 முதல் 17 வயது வரையுள்ள ஏறக்குறைய 19 ஆயிரம் பிள்ளைகளை அளந்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், தனியார் பள்ளிகளில் 21.4 சதவீதம் பேருக்கு எடை கூடுதல் அல்லது பருமன், அரசுப் பள்ளிகளில் 3.6 சதவீதம். இதைப் பார்த்துவிட்டு, அப்படியானால் இது பணக்காரப் பிள்ளைகளின் பிரச்சினை என்று ஒதுக்கிவிடாதீர்கள். அந்த அளவெடுப்புக்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. ஐந்து ரூபாய் பாக்கெட் இப்போது எந்தப் பள்ளி வாசலில் தொங்கவில்லை? செல்போன் எந்த வீட்டில் இல்லை? ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளிலேயே எடை கூடியவர்கள் நாடு முழுவதும் 2015-16-இல் 2.1 சதவீதமாக இருந்து 2019-21-இல் 3.4 ஆகிவிட்டதாக தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இன்னொரு பக்கம், அதே தெருவில் ரத்தசோகையும் மெலிந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆகவே யாருடைய தட்டிலிருந்தும் சாப்பாட்டைக் குறைக்கும் பேச்சே இங்கு வேண்டாம். சத்துணவும் காலை உணவுத் திட்டமும் இந்த விஷயத்தில் நம்மிடம் இருக்கும் பெரிய பலம். வயிறு நிறையச் சாம்பாரோடு பொங்கலோ கிச்சடியோ சாப்பிட்டு வகுப்பில் உட்காரும் பிள்ளைக்குப் பத்தரை மணிக்கு பாக்கெட் தேடும் பசி இருக்காது.

சாயங்காலம் மூன்றரை மணிக்கு உங்கள் வார்டில் ஏதாவது ஒரு பள்ளி வாசலில் போய் நின்று பாருங்கள், கார் வேண்டாம், சும்மா நில்லுங்கள். கேட்டுக்கு எதிரே பெட்டிக்கடை, சரம் சரமாக பாக்கெட், கீழே கலர் ஜூஸ் பாட்டில். பிளாட்பாரத்தில் ஈபி பாக்ஸ், அதற்குப் பக்கத்தில் பைக், அதற்கப்புறம் ஒரு பள்ளம், ஆகவே பிள்ளைகள் ரோட்டில் இறங்கி நடக்கிறார்கள், பின்னால் ஷேர் ஆட்டோ ஹாரன் அடிக்கிறது. எந்த அம்மா இதைப் பார்த்துவிட்டு "நீயே நடந்து போயிட்டு வா கண்ணு" என்று சொல்வாள்? வேனில்தான் ஏற்றிவிடுவாள். நானும் அதைத்தான் செய்வேன்.

இதற்கெல்லாம் புதிதாகச் சட்டம் போட வேண்டியதில்லை. பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் அதிகமுள்ள உணவுகளை விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-லேயே விதி போட்டுவிட்டது. நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் போக்குவரத்துச் செலவில் குறைந்தது 60 சதவீதம் ஒதுக்க வேண்டும் என்று 2014-இல் கொள்கை வகுத்தது வேறு யாரும் இல்லை, இதே மாநகராட்சிதான். பள்ளியைச் சுற்றி அரை கிலோமீட்டருக்கு மட்டுமாவது அந்தக் கொள்கையை முதலில் அமல்படுத்துங்கள் என்று கேட்கிறேன். தியாகராய நகர் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை போட முடிந்தது நம்மால், அங்கே சாயங்காலம் பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். ஷாப்பிங் வருகிறவர்களுக்குக் கிடைத்தது பள்ளிக்கு வருகிறவர்களுக்கும் கிடைக்கட்டுமே.

மைதானங்களைப் பற்றி இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2024 அக்டோபரில் ஒன்பது கால்பந்து மைதானங்களைத் தனியாரிடம் விட்டு, விளையாட வருகிறவரிடம் மணிக்கு 120 ரூபாய் வாங்க மன்றத்தில் தீர்மானம் போட்டீர்கள். எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றீர்கள், அதற்கு நன்றி. ஆனால் அந்த யோசனை மறுபடியும் வேறு பெயரில் வந்துவிடக் கூடாது. 120 ரூபாய் என்றால் எத்தனை வீடுகளில் பிள்ளை விளையாட்டையே விட்டுவிடும் என்று உங்கள் வார்டு மக்களையே கேளுங்கள். சாயங்காலம் நான்கரையிலிருந்து ஏழு வரை எல்லா மைதானமும் பூங்காவும் பிள்ளைகளுக்கு இலவசம், லைட் எரியும், கழிப்பறை திறந்திருக்கும், அதுவும் பெண் பிள்ளைகளும் வந்து விளையாடும்படி ஒரு பயிற்சியாளர் இருப்பார் என்று அறிவியுங்கள். மாநகராட்சிப் பள்ளிகளில் பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சரும் சயின்ஸ் டீச்சரும் கடன் வாங்குவதை நிறுத்தச் சொல்லி ஒரு சுற்றறிக்கை போதும், அதற்குச் செலவே கிடையாது.

பெட்டிக்கடைக்காரர்களை விரட்டிவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அபராதம் போட்டுத் தள்ளுவண்டியை லாரியில் ஏற்றுவதுதான் நம் வழக்கம், அதில் யாருக்கும் நல்லது நடந்ததாக நான் பார்த்ததில்லை. சோமர்வில்லில் ஹோட்டல்காரர்களை எதிரியாக்காமல் பங்காளியாக்கினார்கள், அதைத்தான் இங்கேயும் செய்ய வேண்டும். சுண்டல், வேர்க்கடலை, கொய்யா, வெள்ளரிக்காய் விற்கிற கடைக்குப் பள்ளி வாசலில் முதலிடம், நல்ல தண்ணீர் இணைப்பு, மாநகராட்சியின் ஒரு போர்டு, இவ்வளவு கொடுத்தாலே பலர் மாறுவார்கள். அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

எல்லா வார்டிலும் ஒரே நாளில் செய்யுங்கள் என்று கேட்கவில்லை, அப்படிச் செய்தால் ஒரு விழாவும் ஒரு பேனரும்தான் மிஞ்சும். ஒரு வார்டை எடுங்கள், வடசென்னையில் எடுத்தால் இன்னும் நல்லது. அதே மாதிரியான இன்னொரு வார்டை ஒப்பிட வைத்துக்கொள்ளுங்கள். வார்டு கமிட்டியில், ஏரியா சபையில், அம்மாக்களையும் வேன் டிரைவர்களையும் கடைக்காரர்களையும் சத்துணவு ஊழியர்களையும் உட்கார வைத்து, எதை முதலில் மாற்றலாம் என்று அவர்களிடமே கேளுங்கள். பிள்ளைகளின் உயரமும் எடையும் ஆரம்பத்தில் ஒரு முறை, பள்ளி ஆண்டு முடிவில் ஒரு முறை எடுக்கட்டும். மறைவாக ஒரு அறையில், ஒவ்வொருவராக, எண்ணைச் சத்தமாகப் படிக்காமல் எடுக்க வேண்டும். வகுப்பின் முன்னால் எடைக்கருவியை வைத்து "ஐம்பத்திரண்டு!" என்று கத்தினால், அந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்க அது மறக்காது, மறுநாள் பள்ளிக்கே வராது. இதில் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம். முடிவு நன்றாக வந்தாலும் வராவிட்டாலும் அப்படியே வெளியிடுங்கள்.

அடுத்த பட்ஜெட் கூட்டத்தில் உங்களில் ஒருவராவது எழுந்து, இந்தத் திட்டத்துக்கு என் வார்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வீர்களா? அளவெடுக்கவும் பெற்றோரிடம் பேசவும் சம்பளம் வாங்காமல் நான் வருகிறேன், என்னைப் போல இன்னும் சில டயட்டீஷியன்களையும் அழைத்து வருகிறேன். வார்டு எண்ணை மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சென்னையில் வேலை செய்யும் ஒரு டயட்டீஷியன்