இணையதளம் யாருக்காக? அதை முதலில் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சொந்தமாக இணையதளம் தொடங்க நினைப்பவர்களுக்கு வழிகாட்டும் கட்டுரை ஒன்றை அண்மையில் உங்கள் நாளிதழில் படித்தேன். டொமைன் பெயர் பதிவு செய்வது, ஹோஸ்டிங் எடுப்பது, டெம்ப்ளேட் தேர்ந்தெடுப்பது, கூகுள் தேடலில் முன்னால் வருவது என்று எல்லாம் தெளிவாக இருந்தன. இவை அனைத்துக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை மட்டும் விட்டுப்போயிருந்தது. இந்தத் தளம் எதற்கு, யார் வரப்போகிறார்கள், வந்தவருக்கு என்ன கொடுக்கப்போகிறோம் என்று உட்கார்ந்து எழுதுகிற வேலை அது. இணையதளங்களுக்கு உள்ளடக்கம் எழுதிக் கொடுப்பது என் தொழில். அந்த முதல் வேலையைத் தாண்டிக் குதித்துக் கட்டிய தளங்கள் என்ன கதிக்கு ஆளாகின்றன என்பதை அன்றாடம் பார்ப்பவள் என்பதால் இந்தக் கடிதம்.

என்னை அழைப்பவர்கள் முதலில் காட்டுவது லோகோ. அடுத்து, தங்களுக்குப் பிடித்த வேறொரு தளத்தின் முகவரி. 'இதே மாதிரி வேண்டும்' என்பார்கள். எழுத வேண்டிய விஷயங்கள் எங்கே என்று கேட்டால், 'டிசைன் முடியட்டும், அப்புறம் நிரப்பிக்கொள்ளலாம்' என்ற பதில் வரும். டிசைனரும் 'லோரம் இப்சம்' என்று தொடங்கும் பொருளற்ற லத்தீன் வரிகளைப் போட்டு ஒரு மாதிரிப் பக்கத்தைக் காட்டிவிடுவார். மூன்று பெட்டிகள், ஒவ்வொன்றிலும் அளவெடுத்தாற்போல் மூன்று வரிகள். பார்க்க அழகாக இருக்கும், ஒப்புதலும் கிடைத்துவிடும். உண்மையான விஷயத்தைக் கொண்டுவந்து வைக்கும்போதுதான் சிக்கல் தெரியும். ஒரு சேவையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம், இன்னொன்றுக்கு ஒரு பக்கம் வேண்டும், மூன்றாவது பெட்டியில் சொல்ல ஒன்றுமே இருக்காது. பெட்டி காலியாக இருக்கக் கூடாதே என்று 'தரமே எங்கள் தாரக மந்திரம்' என்று எழுதச் சொல்வார்கள். அந்த வரியைப் படித்து யாருக்கும் எதுவும் கிடைக்காது.

ஒரு ரத்ததானக் குழுவுக்கு உதவப் போனதைச் சொன்னால் நான் சொல்ல வருவது விளங்கும். நடுராத்திரியில் போன் வந்தாலும் எழுந்து ஓடுகிற நல்ல மனிதர்கள். முகப்புப் பக்கத்தில் என்னவெல்லாம் வர வேண்டும் என்று ஏற்கனவே எழுதி வைத்திருந்தார்கள். குழு தொடங்கிய வரலாறு, தலைவரின் வாழ்த்துரை, நிர்வாகிகளின் படங்கள், முகாம் புகைப்படங்கள் நகர்ந்துகொண்டே இருக்கும் ஸ்லைடர், 1901-ல் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் ரத்த வகைகளைக் கண்டறிந்த கதை. கடைசியாக, கொடையாளர்கள் எல்லோருடைய பெயரும் ரத்த வகையும் செல்போன் எண்ணும் அடங்கிய பட்டியல்.

இந்தப் பக்கத்தை யார், எப்போது, எந்த நிலையில் திறப்பார் என்று கேட்டேன். அதுவரை நிறங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் அதன் பிறகு மனிதர்களைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்றுகொண்டு, பேட்டரி தீரப்போகிற செல்போனில் தேடும் உறவினர் ஒருவர். முதன்முதலாக ரத்தம் கொடுக்க நினைத்து, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறோமே, போன மாதம் பச்சை குத்திக்கொண்டோமே, கொடுக்கலாமா என்று தயங்குகிறவர் ஒருவர். தன் அலுவலகத்தில் முகாம் நடத்த விரும்பி, என்னென்ன ஏற்பாடு தேவை என்று கேட்கிறவர் ஒருவர். இந்த மூவரையும் குழுவினருக்கு நன்றாகத் தெரியும். தினமும் போனில் அவர்களோடுதான் பேசுகிறார்கள். ஆனால் தளத்தைத் திட்டமிட உட்கார்ந்தபோது அந்த மூவரும் நினைவுக்கு வரவில்லை, தங்கள் குழுதான் நினைவுக்கு வந்தது. எங்கும் நடப்பது இது.

அதிக நேரம் பிடித்தது செல்போன் பட்டியல் பற்றிய பேச்சு. பட்டியல் வெளிப்படையாக இருந்தால் உறவினரே நேரடியாக அழைத்துக்கொள்ளலாம், நேரம் மிச்சம் என்றார் ஒருவர். நியாயமான வாதம். ஆனால் பொதுவெளியில் போட்ட எண்களைத் தானாக இயங்கும் கணினி நிரல்கள் நொடியில் அள்ளிக்கொண்டு போய்விடும். அதற்கப்புறம் விற்பனை அழைப்புகளும் மோசடி அழைப்புகளும் வரும். பெண் கொடையாளர்களுக்கு வேறு விதமான தொல்லையும் வரும். போன வாரம் ரத்தம் கொடுத்தவர் இன்று கொடுக்க முடியாது, சில மாதங்கள் இடைவெளி வேண்டும். அது பட்டியலுக்குத் தெரியாது. ஊர் மாறிப் போனவரின் எண்ணும் அதிலேயே கிடக்கும். தவித்துப்போய் நிற்கிற மனிதர் ஒவ்வொரு எண்ணாக அழைத்து 'இல்லை' என்ற பதிலையே வாங்க வேண்டியிருக்கும். கொடையாளர் பட்டியலை வெளியிடுவது உங்கள் நோக்கமா, கேட்டு வருபவருக்கு ரத்தம் கிடைக்கச் செய்வது நோக்கமா என்று கேட்டபோது பதில் தெளிவாகிவிட்டது.

அன்று ஒரே ஒரு வாக்கியம் எழுதினோம். 'ரத்தம் தேவைப்படுபவர், செல்போனில் எங்கள் தளத்தைத் திறந்த ஒரு நிமிடத்துக்குள் எங்கள் தொண்டர் ஒருவரோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும்.' அவ்வளவுதான். தளம் வேலை செய்கிறதா இல்லையா என்று கடிகாரத்தை வைத்துப் பார்த்துவிடலாம். 'சேவையைப் பரப்புதல்', 'விழிப்புணர்வு ஏற்படுத்துதல்' என்றெல்லாம் எழுதினால் எதைச் சேர்க்கலாம், எதை விடலாம் என்று முடிவெடுக்க அது உதவாது. இந்த வாக்கியம் உதவியது. சிக்னல் குறைந்த இடத்தில் ஸ்லைடர் படங்கள் பக்கத்தையே தாமதமாக்கும், ஆகவே போயிற்று. தொண்டர்கள் முறை வைத்து எடுக்கும் இரண்டு எண்கள் பெரிய பட்டனாக மேலே வந்தன. அதற்குக் கீழே, அழைக்கும் முன் கையில் வைத்திருக்க வேண்டிய விவரங்கள்: நோயாளி பெயர், மருத்துவமனை, ரத்த வகை, எத்தனை யூனிட், எத்தனை மணிக்குள், முழு ரத்தமா, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களா. கடைசிக் கேள்வி ஏன் என்றால், ரத்தத்திலிருந்து பிரித்த சிவப்பணுக்களை முறைப்படி குளிரில் வைத்தால் 42 நாள் வரை தாங்கும். தட்டணுக்களுக்கு ஆயுள் ஐந்து முதல் ஏழு நாள்தான், அதனால் பெரும்பாலும் புதிதாக ஒருவரைத் தேட வேண்டிவரும். தொண்டர்கள் ஒவ்வொரு அழைப்பிலும் வாய் வலிக்கக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விகள்தான் இவை. உள்ளடக்கம் அவர்களிடமே இருந்தது.

தலைவரின் பக்கத்தை எடுத்துவிடவில்லை. முன்பின் தெரியாத குழுவிடம் ரத்தம் கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் பின்னால் இருப்பவர்கள் யார் என்று தெரிந்தால் நம்பிக்கை வரும். ஆகவே பெயர், பொறுப்பு, பதிவு விவரம் எல்லாம் 'எங்களைப் பற்றி' பக்கத்துக்குப் போயின. லாண்ட்ஸ்டெய்னர் பிறந்த ஜூன் 14-ஐத்தான் உலக ரத்ததானம் செய்வோர் நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள் என்பதால், முகாம் நடத்துவோருக்கான பக்கத்தில் அவருக்கும் இடம் கிடைத்தது.

உலகின் முதல் இணையதளமே இப்படித் தெளிவான ஒரு தேவையில்தான் பிறந்தது. இன்று நாம் பயன்படுத்தும் வலையை (World Wide Web) உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, 1989 மார்ச்சில் அதற்கான முன்மொழிவை எழுதியபோது ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வு நிறுவனத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். அங்கு வருபவர்கள் பொதுவாக இரண்டு ஆண்டு இருந்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள், அவர்களோடு விவரங்களும் போய்விடும். அந்த முன்மொழிவு பேசியது இந்தப் பிரச்சினையைத்தான். 1991-ல் பொதுமக்களுக்குத் திறந்த முதல் தளத்தில் இந்தத் திட்டம் என்ன, மென்பொருளை எப்படிப் பெறுவது, நீங்களும் ஒரு சர்வர் அமைப்பது எப்படி என்பவைதான் இருந்தன. செர்ன் ஊழியர்களைத் தினமும் வலைக்கு இழுத்து வந்தது தொலைபேசி எண் புத்தகம். யாருக்கு என்ன வேண்டும் என்பது அங்கே மிகத் துல்லியமாகத் தெரிந்திருந்தது.

பெரிய அளவில் இதைச் செய்து காட்டியது பிரிட்டன் அரசு. 2012 அக்டோபரில் பழைய இரண்டு பெருந்தளங்களை மூடிவிட்டு ஒரே தளத்தைத் திறந்தார்கள். பக்கங்களை எழுதும்முன், மக்களுக்கு இதில் என்ன தேவை, எதற்காக என்று எழுதி வைத்துக்கொண்டார்கள். அங்கே பொது விடுமுறைகளுக்கான பக்கத்தைப் பாருங்கள். அடுத்த விடுமுறை எந்தத் தேதி என்பது பக்கத்தின் தலையில் பெரிய எழுத்தில் நிற்கும், முழுப் பட்டியல் அதற்குக் கீழே. வருகிறவர் மனத்தில் உள்ள கேள்வி அதுதான் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். அந்த அக்கறையைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருக்கும்.

'யாருக்காக இந்தத் தளம்?' என்றால் பலரும் 'எல்லோருக்கும்' என்கிறார்கள். கொஞ்சம் பயிற்சி பெற்றவர்கள் '25 முதல் 40 வயதுக்குள், நகர்ப்புறம், பட்டதாரி' என்று எழுதித் தருகிறார்கள். வயதும் படிப்பும் விளம்பரம் கொடுக்க உதவலாம். பக்கத்தில் என்ன எழுதுவது என்பதை அவை சொல்லாது. வருபவர் என்ன கேள்வியோடு வருகிறார், பதில் கிடைத்ததும் என்ன செய்யப்போகிறார் என்பதுதான் எனக்கு வேண்டும். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வெல்லாம் தேவையில்லை. அலுவலகத்தில் போன் எடுப்பவர் பக்கத்தில் ஒரு வாரம் ஒரு நோட்டை வைத்து, அழைப்பவர்கள் கேட்பதைக் கேட்டபடியே குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த கேள்விகளைத் திரும்பிப் பாருங்கள். திட்டக் கூட்டங்களுக்கு இயக்குநர்களை அழைக்கிறார்கள், வரவேற்பு மேசையில் இருப்பவரை மட்டும் யாரும் அழைப்பதில்லை. வாடிக்கையாளரை அவரைவிட நன்றாக அறிந்தவர் அந்தக் கட்டடத்திலேயே கிடையாது.

கேள்விகள் கையில் வந்தபின் ஒவ்வொன்றுக்கும் பதிலை எழுதிவிட வேண்டும், டிசைன் தொடங்கும் முன்பே. சாதாரணத் தாளில் எழுதினாலும் சரி. எழுதிய பதிலை வெளியாள் நான்கைந்து பேரிடம் கொடுத்து, 'இதை வைத்து இந்தக் காரியத்தைச் செய்ய முடிகிறதா பாருங்கள்' என்று சொல்லிவிட்டு வாய் திறக்காமல் கவனித்தால் போதும். ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான சிக்கல்கள் வெளியே வந்துவிடும் என்று பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் 2000-லேயே எழுதியிருக்கிறார். படத்துக்குள் எழுத்தை வைக்காதீர்கள், பார்வையற்றோருக்குத் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் அதைச் சரியாகப் படிக்கும் என்று நம்ப முடியாது. வெளிர் சாம்பல் எழுத்தும் வேண்டாம். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்று சர்வதேச அணுகல் வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன.

எனக்கு மிகுந்த வருத்தம் தருவது கைவிடப்பட்ட பக்கங்கள்தான். 'அண்மைச் செய்திகள்' என்ற தலைப்பின் கீழ் எப்போதோ நடந்து முடிந்த கூட்டத்துக்கான அழைப்பு. விட்டுப்போன ஊழியரின் மின்னஞ்சல். மாறிப்போன விதிகளை நம்பி ஒருவர் விண்ணப்பம் எழுதி, நேரில் போய்த் திரும்பி வருகிறார். தொடங்கும்போதே ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பொறுப்பாளர் பெயரையும், மறுபடி சரிபார்க்கும் தேதியையும் எழுதி வைக்காததன் விளைவு இது. பொறுப்பேற்க ஆள் இல்லாத பக்கத்தை முதல் நாளிலேயே திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்று நான் கண்டிப்பாகச் சொல்வேன். செய்திப் பகுதியை நடத்த ஆள் இல்லையா, செய்திப் பகுதியே வேண்டாம். நோக்கத்தை ஒரு வாக்கியத்தில் எழுத முடியவில்லையா, இப்போதைக்குத் தளமே வேண்டாம். முகவரி, நேரம், தொலைபேசி எண் ஆகியவை கூகுள் மேப்ஸ் போன்ற வரைபடச் சேவையில் சரியாக இருந்தால் போதும். தொழில் கெடும் என்று பயந்து இதை யாரும் வாடிக்கையாளரிடம் சொல்வதில்லை. சொல்ல வேண்டும்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இணையதளம் பற்றி எழுதும்போது, நோக்கம், வருபவர்கள், அவர்களின் கேள்விகள், பதில் எழுதுபவர், சரிபார்க்கும் தேதி ஆகியவற்றை நிரப்ப இடம் விட்ட மாதிரித் தாள் ஒன்றையும் வெளியிடுங்கள். கத்தரித்து எடுத்து டிசைனரைப் பார்க்கப் போகும்போது கையோடு கொண்டுபோகும்படி அரைப் பக்க அளவில் போட்டால் போதும்.

இப்படிக்கு,
உள்ளடக்க எழுத்தாளர் ஒருவர்