முழு அதிகாரத்தையும் வாசிக்கட்டும்

மயிலாடி,
ஞாயிறு மாலை

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. மயினிக்கு முட்டுவலி குறைந்தது என்று வாசித்தபோதுதான் மனசு ஆறியது. இங்கே எல்லோரும் சுகம். ஐப்பசி மழை வெளுத்து வாங்குகிறது. ஆனாலும் சிற்பப் பட்டறைகளில் உளிச்சத்தம் நின்றபாடில்லை. அறுப்பின் பண்டிகை நன்றாக நடந்தது. ஒரு மட்டி வாழைக்குலைக்கு உன் சித்தப்பாவும் எங்கள் அண்ணனும் போட்டி போட்டு ஏலத்தை ஏற்றிவிட்டார்கள். அந்தக் காசுக்குத் தோப்பே வாங்கலாம். சபைக்குத்தானே, போகட்டும்.

சரி, நீ கேட்ட காரியத்துக்கு வருகிறேன். மகள் போனில் பிரசங்கம் கேட்கிறாள், 'விசுவாசம் இருந்தால் வியாதி வராதாமே அப்பா' என்று கேட்கிறாள், கள்ள உபதேசங்களைப் பற்றி ஒரு நல்ல புத்தகம் அனுப்பு என்று எழுதியிருக்கிறாய். புத்தகம் அனுப்பலாம். ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் கையில் முதலில் அதைக் கொடுக்காதே. இன்னார் தப்பு, இன்ன கூட்டம் தப்பு என்று பெயர்களை மனப்பாடம் செய்துகொள்வாள். அந்தப் பெயர்களில் இல்லாத ஒருவர் நாளைக்கு வந்து அதே சரக்கை வேறு ராகத்தில் பாடினால் தலையாட்டுவாள்.

நம் சபைப் பிள்ளைகளுக்கு வசனம் நிறையத் தெரியும், மக்கா. மனப்பாடமாகக் கொடுத்த தங்க வசனம் கேட்டால் மடமடவென்று ஒப்பிப்பார்கள். அதற்கு முந்தின வசனம் என்ன, யார் யாருக்குச் சொன்னது என்று கேட்டால் முழிப்பார்கள். புதுவருஷ ஆராதனையில் தட்டிலிருந்து வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோமே, அதே மாதிரிதான் வேதத்தையும் எடுக்கிறார்கள்: ஒரு வரி, அதுவும் எனக்கே எனக்கு. கள்ள உபதேசம் நுழைவது இந்த இடைவெளியில்தான். பொய் சொல்கிறவன் வேதத்தை விட்டுவிட்டா பேசுகிறான்? வனாந்தரத்தில் பிசாசே 91-ஆம் சங்கீதத்தைச் சொல்லித்தானே ஆண்டவரைச் சோதித்தான். அவர் கொடுத்த பதிலைப் பார்: 'என்றும் எழுதியிருக்கிறதே' என்கிறார். ஒரு வசனத்தோடு இன்னொரு வசனத்தைச் சேர்த்து வைத்துப் பார்க்கிறார்.

அதனால் போன மாதம் ஞாயிறு பள்ளியில் என் பெரிய வகுப்புக்கு எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்தை எடுத்தேன். பெயர்களைச் சொல்லவில்லை. இரண்டு பேர் பேசுகிறார்கள், கர்த்தருடைய வார்த்தையைச் சொல்வது யார் என்று நீங்களே சொல்லுங்கள் என்றேன். ஒருவர், 'இன்னும் இரண்டே வருஷம். பாபிலோன் ராஜா கொண்டுபோன ஆலயத்துப் பாத்திரங்களான பணிமுட்டுகள் திரும்பிவரும், சிறைப்பட்டுப் போனவர்களும் வருவார்கள்' என்கிறார். மற்றவர், 'அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகுட்டிகளைப் பெறுங்கள். எழுபது வருஷம் ஆகும்' என்கிறார். வகுப்பு முழுவதும் முதல் ஆளுக்குக் கை தூக்கியது. 'அவருதான் விசுவாசமா பேசுகாரு' என்றான் ஒருவன். அவன் பெயர் அனனியா, கள்ளத்தீர்க்கதரிசி, மற்றவர்தான் எரேமியா என்று நான் சொன்னதும் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு பெண்பிள்ளை கேட்டாள்: 'ரெண்டு பேருமே கர்த்தர் சொல்லுகிறார்னுதானே சொல்லுகாங்க. அப்போ எப்பிடி சார் கண்டுபிடிக்க?'

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். பதிலை நான் சொல்லாமல் 28-ஆம் அதிகாரத்தை வரி வரியாக அவர்களையே வாசிக்க வைத்தேன். அனனியா பேசி முடித்ததும் எரேமியா என்ன சொல்கிறான் தெரியுமா? 'ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக.' அவனுக்கும் அது நடக்கவேண்டும் என்றுதான் ஆசை. நமக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காக ஒன்று கர்த்தருடைய வார்த்தை ஆகிவிடாது என்று பிள்ளைகளுக்கு இதைவிடத் தெளிவாக யார் சொல்லிக்கொடுக்க முடியும்? அனனியா விடவில்லை. பாபிலோனுக்குக் கீழ்ப்பட்டிருக்கவேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தை, ஜனங்கள் எல்லோரும் பார்க்கப் பிடுங்கி உடைக்கிறான். அன்றைக்குக் கைதட்டல் அவனுக்குத்தான் கிடைத்திருக்கும். எரேமியா தன் வழியே போய்விடுகிறான். அப்புறம் 25-ஆம் அதிகாரத்துக்குத் திருப்பச் சொன்னேன். எழுபது வருஷம் என்று கர்த்தர் அங்கேயே சொல்லியாயிற்று. கேள்வி கேட்ட பிள்ளையே அதைக் கண்டுபிடித்து எழுந்து நின்று வாசித்தாள்.

கடைசியில் 29:11-க்கு வந்தோம். வீட்டுக்கு வீடு சுவரில் தொங்கும் வசனம். 'அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே' என்பதற்கு முந்தின வசனத்தில்தான் அந்த எழுபது வருஷம் இருக்கிறது. அந்த வாக்கைக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பியிருக்க மாட்டார்கள். அப்படியிருந்தும் அது அவர்களுக்கும் சொன்ன வாக்குதான். பரீட்சை மார்க்குக்கும் வேலைக்கும் மட்டும் அந்த வசனத்தைச் சொல்லிப் பழகிய பிள்ளைகளின் முகத்தில் அன்று ஒரு யோசனை தெரிந்தது. வசனம் சிறுத்துப்போகவில்லை, மக்கா. முன்னைவிடப் பெரிதாயிற்று.

இப்போது உன் மகளின் கேள்வி. என் வகுப்பில் ஒரு பையன். அவன் அப்பாவுக்கு வாரந்தோறும் டயாலிசிஸ். ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்குக் கூட்டிப்போனார்கள். சுகமாகவில்லை. வீட்டில் விசுவாசக் குறைவு இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தான்தான் சரியாக ஜெபிக்கவில்லை என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டிருந்தான். அதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து 2 தீமோத்தேயு 4:20-ஐ வாசிக்கச் சொன்னேன். 'துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்.' எழுதியது பவுல். அவருடைய சரீரத்தில் பட்ட உறுமால்களைக் கொண்டுபோய்ப் போட்டே வியாதிகள் நீங்கின என்று அப்போஸ்தலர் 19 சொல்கிறது. அந்தப் பவுலே தன் கூட்டாளியை நோயோடு விட்டுவிட்டுப் போகவேண்டி வந்தது. யாருடைய விசுவாசம் குறைந்தது என்று அங்கே ஒரு வார்த்தைகூட இல்லை. அப்புறம் யோவான் 9-ஐ வாசித்தோம். 'அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல.' அவன் அந்த வரியை நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போனான், அம்மாவிடம் காட்டவேண்டுமாம்.

உன் மகளிடம் நெய்யூரைப் பற்றியும் சொல். 1838-இல் அங்கே மிஷன் வைத்தியம் தொடங்கியவர்கள் ஜெபிக்கத் தெரியாதவர்களா? ஜெபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகை என்று இந்த மண்ணில் யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பிள்ளைகளை உஷார்ப்படுத்துகிறோம் என்று மற்றவர்களைக் கேலி செய்யப் பழக்கிவிடக் கூடாது. நம் மாவட்டத்தில் ஒரே குடும்பத்தில் சிஎஸ்ஐ உண்டு, கத்தோலிக்கர் உண்டு, இரட்சணிய சேனை, லுத்தரன், பெந்தெகொஸ்தே எல்லாம் உண்டு. ஞானஸ்நானம் எந்த வயதில், பாட்டுக்குக் கைதட்டலாமா என்பதற்கெல்லாம் கள்ள உபதேசம் என்று பெயர் வைத்தால், உண்மையான கள்ள உபதேசம் வரும்போது அந்த வார்த்தைக்கு மதிப்பே இருக்காது. இயேசு யார், அவர் சிலுவையில் செய்தது போதுமா, இதில் கைவைக்கிறானா என்று பார்க்கவேண்டும். விசுவாசப் பிரமாணத்தை ஞாயிறுதோறும் சொல்லவைப்பது அதற்காகத்தான். அதில் 'பொந்தியு பிலாத்துவின் காலத்தில்' என்று வருகிறதே, ஒரு சின்னப் பையன் 'பிலாத்து பேரு எதுக்கு சார் இதுல?' என்று கேட்டான். பெரியவர்களுக்கே தோன்றாத கேள்வி. இது கதையல்ல, இன்ன தேசாதிபதி இருந்த காலத்தில் இந்தப் பூமியில் நடந்தது என்று சொன்னேன்.

வீட்டில் என்ன செய்யலாம் என்றால், குடும்ப ஜெபத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வாசிப்பதை நிறுத்திவிட்டு மாற்குவைத் தொடங்கு. பதினாறு அதிகாரம்தான். ஒரு இரவுக்கு ஒரு சம்பவம் போதும். அவள் வாசிக்கட்டும், நீ கேள். யார் பேசுகிறார், யாரிடம், இதற்கு முன்னால் என்ன நடந்தது? உனக்குப் பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு அடுத்த நாள் சேர்ந்து தேடுங்கள். அவள் கேட்கிற பிரசங்கத்தைத் தடுக்காதே. பக்கத்தில் உட்கார்ந்து நீயும் கேள். அவர் சொன்ன வசனத்தை எடுத்து இருவருமாக அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். பவுல் சொன்னதையே பெரோயா பட்டணத்தார் வேதவாக்கியங்களை எடுத்து வைத்து ஆராய்ந்தார்கள். அதற்காக லூக்கா அவர்களை 'நற்குணசாலிகள்' என்றல்லவா எழுதுகிறார்!

கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் வாருங்கள். அதற்குள் மாற்கு பாதியாவது முடிந்திருக்கும். வகுப்புப் பிள்ளைகளோடு அவளையும் உட்காரவைக்கலாம், அவளிடம் கேட்க அவர்களுக்கு நிறையக் கேள்விகள் இருக்கும். எந்த ரயில் என்று முன்கூட்டியே எழுது, ஸ்டேஷனுக்கு வண்டி கொண்டுவருகிறேன். அந்தப் பையனின் அப்பாவுக்காகவும் ஜெபித்துக்கொள்.

அன்புடன்,
உன் நண்பன்