மேடா, பள்ளமா?

சேலையூர், சென்னை
ஞாயிறு காலை

அன்பு நண்பா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து, வாசல் திண்ணை வரை துணையில்லாமல் நடக்கிறாய் என்று படித்ததும் மனது லேசாகிவிட்டது. தென்காசியில் சாரல் விழத் தொடங்கிவிட்டதாமே! இங்கே கத்திரி முடிந்தும் வெயில் இறங்கவில்லை. வாரநாட்களில் காலையில் தாம்பரம் விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானங்கள் எங்கள் மொட்டை மாடிக்கு மேலே வட்டமடிக்கின்றன. சத்தம் கேட்டதும் கையில் இருக்கும் காப்பியை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறேன். ஓய்வு பெற்று இத்தனை வருடம் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

பேத்தி விமானப்படையில் உளவு அதிகாரியாக வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதாக எழுதியிருக்கிறாய். “முப்பது வருடம் நீ என்ன வேலை பார்த்தாய் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை, இப்போது கேட்கிறேன்” என்ற வரியை இரண்டு முறை படித்தேன். நீ கேட்காமல் இருந்ததுதான் நம் நட்பு. 1923ஆம் ஆண்டின் அலுவலக ரகசியச் சட்டம் இன்றைக்கும் என்னைக் கட்டுப்படுத்துகிறது. அதனால் சொல்லக்கூடியதை மட்டும் சொல்கிறேன்.

மாறுவேடம், எல்லை தாண்டிப் போவது என்றெல்லாம் நீ நினைத்திருந்தால் அதை விட்டுவிடு. என் காலம் பெரும்பாலும் மேசை முன்னால்தான் கழிந்தது. வேவு விமானம் படம் எடுத்துக்கொண்டு வரும். அதில் என்ன இருக்கிறது என்று பார்த்து எழுதித் தர வேண்டும். மறுநாள் அதே இடத்துக்குப் பறக்கப் போகிற பையன்களிடம் எங்கே பீரங்கி இருக்கிறது, எந்தத் திசையிலிருந்து சுடுவார்கள் என்று விளக்க வேண்டும். அவர்கள் திரும்பி வந்ததும் உட்கார வைத்து, கண்டதையெல்லாம் கேட்டு வாங்க வேண்டும். இருபத்து மூன்று வயதுப் பையன் நான் சொல்வதை நம்பி விமானத்தில் ஏறுகிறான். அந்தக் கனம் கடைசி நாள் வரை குறையவே இல்லை.

முதல் வருடம் பயிற்சியில் நான் செய்த ஒரு தவற்றை உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும். ஒரு படத்தைக் கொடுத்து அறிக்கை எழுதச் சொன்னார்கள். வரைபடம் பார்ப்பதுபோல வடக்கை மேலே வைத்துக்கொண்டு பார்த்தேன். வரிசையாக எட்டு மண்மேடுகள் தெரிந்தன. “எட்டு பீரங்கி மேடைகள், உறுதி” என்று தட்டச்சு செய்து கொடுத்துவிட்டேன். பயிற்சி அதிகாரி எதுவும் பேசவில்லை. படத்தை அப்படியே தலைகீழாகத் திருப்பி வைத்தார். என் கண் முன்னால் எட்டு மேடுகளும் எட்டுப் பள்ளங்களாக இறங்கின. செங்கல் சூளைக்கு மண் எடுத்த குழிகள்! நம் நாட்டில் சூரியன் பெரும்பாலும் தெற்கே சாய்ந்திருக்கிறது, நிழல் வடக்கே விழுகிறது. கண்ணோ எப்போதும் வெளிச்சம் மேலேயிருந்து வருகிறது என்று எடுத்துக்கொள்ளும். அதனால் நிழல் நம்மை நோக்கி விழும்படி படத்தை வைத்தால்தான் மேடு மேடாகவும் பள்ளம் பள்ளமாகவும் தெரியும். நிலாவின் படம் ஏதாவது கிடைத்தால் திருப்பித் திருப்பிப் பார், குழிகள் கொப்புளங்களாக மாறுவது உனக்கே தெரியும்.

அவர் அதற்காகக் கோபிக்கவில்லை. “படத்தை யார் வேண்டுமானாலும் தவறாகப் பார்க்கலாம். ‘உறுதி’ என்று ஏன் எழுதினாய்?” என்று மட்டும் கேட்டார். உறுதி, பெரும்பாலும், இருக்கலாம் என்ற மூன்று சொற்களில் எதை எங்கே போடுவது என்பதுதான் இந்த வேலை. உன் பேத்திக்கு நான் சொல்லித் தரக்கூடியதும் இது ஒன்றுதான்.

1942 ஏப்ரலில் இந்தச் சென்னை காலியான கதையை அப்பா சொல்லி நீயும் கேட்டிருக்கிறாய். பாரிமுனையில் கடைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர், அம்மாவையும் அத்தைகளையும் எழும்பூரில் ரயிலேற்றிக் கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டு ஒற்றை ஆளாக இங்கே இருந்தார். கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் ஜப்பான்காரன் குண்டு போட்ட சமயம். படையெடுப்புக் கப்பல்கள் சென்னையை நோக்கி வருகின்றன என்று அரசாங்கத்துக்குத் தகவல் வந்தது, அலுவலகங்களை வெளியூருக்கு மாற்றினார்கள். மிருகக்காட்சி சாலையில் சிங்கத்தையும் புலியையும் சுட்டுக் கொன்றார்கள். கப்பல் எதுவும் வரவில்லை. தகவல் பொய். எங்கோ ஒருவர் “இருக்கலாம்” என்று சொன்னது, கைமாறிக் கைமாறி “உறுதி” ஆகியிருக்கும் என்றுதான் இந்தத் தொழிலில் ஊறிய எனக்குத் தோன்றுகிறது. 1943 அக்டோபரில் ஒரே ஒரு ஜப்பானிய விமானம் உண்மையிலேயே வந்து குண்டு வீசியபோது ஊர் அதை எதிர்பார்த்திருக்கவில்லை.

இதற்கு நேர்மாறாக நடந்ததும் உண்டு. அதுதான் எனக்கு இன்னும் ஆறாத வலி. ஜக் மோகன் நாத் என்ற விமானி கான்பெரா வேவு விமானத்தில் அக்சாய் சின் மீதும் திபெத் மீதும் பறந்து சீனப் படைகளின் நடமாட்டத்தைப் படம் பிடித்து வந்தார். மகாவீர் சக்கரம் என்ற போர்க்கள வீர விருதை இரண்டு முறை பெற்ற மிகச் சிலரில் அவர் ஒருவர். படங்கள் டெல்லிக்குப் போயின. ஆனாலும் 1962 அக்டோபரில் சீனா தாக்கியபோது நம் ஜவான்கள் பருத்திச் சட்டையோடு பனியில் நின்றார்கள். தாக்குதல் விமானங்களைக் களமிறக்கவே இல்லை, இறக்கினால் கல்கத்தாவில் குண்டு விழும் என்று பயந்தார்கள். உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவந்த உண்மையைக் கேட்க ஆள் இல்லாவிட்டால் என்ன செய்வது?

சரியாக நடந்ததையும் சொல்கிறேன். 1971 டிசம்பர் 14. பாகிஸ்தானோடு போர் நடந்துகொண்டிருந்தது. டாக்காவில் அன்று நண்பகல் கிழக்குப் பாகிஸ்தான் ஆளுநர் தலைமையில் கூட்டம் என்ற செய்தியை நம்மவர்கள் வானொலியில் ஒட்டுக்கேட்டுப் பிடித்துவிட்டார்கள். கவுகாத்தியிலிருந்து மிக்-21 விமானங்கள் புறப்பட வேண்டும், நேரமோ மிகக் குறைவு. இலக்கைக் காட்ட அவர்களிடம் இருந்தது சுற்றுலாப் பயணிகளுக்கான டாக்கா வரைபடம். தலைமை ஏற்ற விங் கமாண்டர் பிஷ்ணோய் விமானத்தில் ஏறி அமர்ந்த பிறகு ஓர் அதிகாரி ஓடி வந்து ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார்: கூட்டம் சர்க்யூட் ஹவுஸில் இல்லை, ஆளுநர் மாளிகையில். அந்தச் சீட்டு வராமல் இருந்திருந்தால் வேறொரு கட்டடம்தான் இடிந்திருக்கும். ஆளுநர் அன்றே பதவி விலகினார், 16ஆம் தேதி டாக்கா சரணடைந்தது. விமானிகளின் பெயரை வரலாறு எழுதி வைத்திருக்கிறது. வானொலிக் கருவியை விட்டு எழாமல் உட்கார்ந்து அந்தச் செய்தியைப் பிடித்தவரைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

எனக்கும் ஒரு சோதனை வந்தது. எந்த ஊர், எந்த ஆண்டு என்று எழுத மாட்டேன். அறிக்கையில் நான் “இருக்கலாம்” என்று எழுதியதை “உறுதி” என்று மாற்றச் சொன்னார் ஒரு மேலதிகாரி. மேலே அவரைக் கேள்வி கேட்டு நெருக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் படத்தில் எல்லாமே உண்மை அளவில் 12,000இல் ஒரு பங்காகத்தான் தெரியும், 36,000 அடி உயரத்திலிருந்து 36 அங்குலக் குவியத் தூரமுள்ள லென்ஸில் எடுத்தது. ஏழு மீட்டர் லாரி அதில் அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களை, அவற்றை ஒன்றாக்கி மேடு பள்ளம் காட்டும் ஸ்டீரியோஸ்கோப் கருவியின் கீழ் வைத்து நகர்த்தினேன். தரை சட்டென்று எழுந்தது, மரங்கள் நிமிர்ந்தன. ஆனால் அந்தக் கரும்புள்ளி லாரியா, வைக்கோல் போரா என்று என்னால் சொல்ல முடியவில்லை. மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் அதன்பிறகு பல மாதம் என் முகம் பார்த்துப் பேசவில்லை. நான் சொன்னது சரியா என்று கேட்பாய். தெரியாது. மறுபடி படம் எடுக்க மேகம் வழி விடவில்லை, அந்தப் புள்ளி இன்றுவரை எனக்குப் புள்ளியாகவே இருக்கிறது.

வீட்டில் பட்ட பாட்டையும் மறைக்காமல் பேத்தியிடம் சொல். 1999 மே 21 அன்று கார்கில் பக்கம் வேவு பார்க்கப் போன நம் கான்பெராவை ஏவுகணை தாக்கியது, ஒரே எஞ்சினோடு அதை ஸ்ரீநகரில் பத்திரமாக இறக்கினார்கள். அந்த வாரம் நான் வீட்டுக்கு ஒரு போன் கூடச் செய்யவில்லை. திரும்பி வந்தபோது என் மனைவி எதுவும் கேட்கவில்லை, தோசை வார்த்துப் போட்டுக்கொண்டே இருந்தாள். பதினோராவது தோசையில் அழுதுவிட்டாள். அம்மா கடைசிவரை “பிள்ளை விமானத்தில் போட்டோ பிடிக்கிறான்” என்றே ஊரில் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் திருத்தவில்லை.

நடைமுறை விஷயம் சுருக்கமாக. என் காலத்தில் நம் விமானப்படையில் நேரடியாக உளவு அதிகாரி என்று விண்ணப்பிக்க வழி இருக்கவில்லை, ஏதாவது ஒரு பிரிவில் சேர்ந்தபின்தான் இந்தப் பணிக்கு அனுப்பினார்கள். 2022இல் தொடங்கிய ஆயுத அமைப்புப் பிரிவில் உளவுக்கும் ஓர் உட்பிரிவு இருக்கிறது. இப்போது பட்டப்படிப்பு முடிந்ததும் விமானப்படைப் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், பிறகு மைசூர் போன்ற ஊரில் உள்ள தேர்வு வாரியத்தில் சில நாள் நேர்காணல், குழுப் பணி எல்லாம் உண்டு. தேறினால் ஹைதராபாத் அருகே துண்டிகல்லில் ஏறத்தாழ ஓராண்டுப் பயிற்சி. அமெரிக்காவில் இதைத் தனித் தொழிலாகவே வைத்து, டெக்சாஸில் குட்ஃபெல்லோ தளத்தில் பயிற்சி கொடுக்கிறார்கள். பெண் பிள்ளைக்கு எதற்கு என்று நீ எழுதியதை நான் ஏற்கவில்லை. இந்த வேலைக்குப் பொறுமையும் கண்ணும் வேண்டும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் நெஞ்சுரம் வேண்டும். எட்டாம் வகுப்பில் வாத்தியார் கரும்பலகையில் போட்ட கணக்கு தவறு என்று எழுந்து நின்றவள் உன் பேத்தி. நீயே பெருமையாக எழுதியிருந்தாய், கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அடுத்த மாதம் அவளை அழைத்துக்கொண்டு வா. பொதிகையில் ஏறினால் எழும்பூர் வரை போக வேண்டாம், தாம்பரத்திலேயே இறங்கிவிடு, நான் நடைமேடையில் நிற்பேன். மடக்குக் கால் வைத்த என் பழைய ஸ்டீரியோஸ்கோப்பைத் துடைத்து வைத்திருக்கிறேன். அவள் முன்னால் ஒரு படத்தை வைத்து, மேடா பள்ளமா என்று கேட்கப் போகிறேன். முன்கூட்டியே அவளிடம் சொல்லிவிடாதே.

உன் பழைய பெஞ்சு நண்பன்