திருப்பி அனுப்பப்பட்டவர் கேட்டு வாங்க வேண்டிய கோப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்க விமான நிலையங்களிலிருந்து திருப்பி அனுப்பப்படும் மாணவர்களைப் பற்றிய உங்கள் கட்டுரை, அவர்கள் பட்ட பாட்டைச் சொன்னதோடு நின்றுவிட்டது. ஊர் திரும்பியதும் அவர்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, தங்களைப் பற்றி அங்கே என்ன பதிவாகியிருக்கிறது என்று கேட்டு வாங்குவது. நம் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இந்தியக் குடிமக்களுக்கு மட்டும்தான். 1966இல் இயற்றப்பட்ட அமெரிக்காவின் தகவல் சுதந்திரச் சட்டத்தில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. திருச்சியில் இருந்தபடியே மனுப் போடலாம், வக்கீல் வேண்டாம்.

இதில் ஏன் இவ்வளவு அவசரம் காட்டுகிறேன் என்றால், ஒரே விமானத்தில் திரும்பி வந்த இருவரின் நிலை ஒன்றாக இருக்காது. ஒருவரிடம் ஐ-275 படிவத்தில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். உள்ளே வர அனுமதி கேட்டதை அவரே திரும்பப் பெற்றுக்கொண்டதாக அதற்குப் பொருள். விசா போய்விடும், ஆனால் அதனாலேயே தடை வராது. இன்னொருவர் மீது ஐ-860 என்ற உடனடி வெளியேற்ற உத்தரவு போட்டிருப்பார்கள். பொதுவாக ஐந்து ஆண்டுத் தடை. வீட்டில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான்: "திருப்பி அனுப்பிட்டாங்க". அடுத்த முறை விசாவுக்கு டிஎஸ்-160 படிவம் நிரப்பும்போது, அனுமதி மறுக்கப்பட்டதா, விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றீர்களா என்ற கேள்வி வரும். குத்துமதிப்பாக "இல்லை" என்று போட்டு, அது பொய்த் தகவல் என்று முடிவானால் வாழ்நாள் தடையே வரலாம்.

முதலில், அமெரிக்காவுக்குள் வந்ததையும் போனதையும் பதியும் ஐ-94 இணையதளத்தைப் பாருங்கள். பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் கொடுத்தால் கடந்த 10 ஆண்டுகளின் வருகை, புறப்பாட்டுத் தேதிகள் இலவசமாகக் கிடைக்கும். தரைவழியாகக் கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ போயிருந்தால் புறப்பாடு விடுபட்டிருக்கலாம். போர்டிங் பாஸ், பாஸ்போர்ட் முத்திரை போன்ற சான்றுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

விசாரணைத் தாள்கள் அங்கே கிடைக்காது. அவற்றுக்கு, சிபிபி எனப்படும் சுங்க, எல்லைப் பாதுகாப்பு முகமையிடம் இணையவழியில் மனுச் செய்ய வேண்டும். "என்னைப் பற்றிய எல்லாம்" என்று மட்டும் எழுதுவது பலவீனமான மனு. இறங்கிய விமான நிலையம், தேதி, விமான எண் ஆகியவற்றைச் சொல்லி, வருகைப் பதிவு, இரண்டாம் கட்டச் சோதனை (தனியறையில் நடக்கும் கூடுதல் விசாரணை) அறிக்கை, ஐ-275, ஐ-860, உறுதிமொழி வாக்குமூலம், விமான முன்பதிவுத் தரவு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். சொல்வது உண்மை என்று உறுதிமொழி எழுதிக் கையொப்பமிடுங்கள். சொந்தத் தேவைக்குக் கேட்பவருக்கு முதல் இரண்டு மணி நேரத் தேடலும் 100 பக்கங்களும் இலவசம்.

நம்மவர்கள் சறுக்குவது பெயரில்தான். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருந்து, பெயர்க் கட்டத்தில் "முத்துக்குமார்" என்று மட்டும் இருந்தால், அமெரிக்க விசாவில் முத்துக்குமார் குடும்பப்பெயராகிவிடும், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "எஃப்.என்.யு", அதாவது "பெயர் தெரியவில்லை" என்று அச்சாகும். ஐ-94 தளத்திலும் அப்படியே கொடுத்துப் பார்க்க வேண்டும். பழைய பாஸ்போர்ட்டில் இனிஷியலும் புதியதில் அப்பாவின் முழுப்பெயரும் இருந்தால் மனுவில் இரண்டு வடிவங்களையும், இரண்டு பாஸ்போர்ட் எண்களையும் எழுதுங்கள். பிறந்த தேதியில் மாதத்தை எழுத்தால் எழுதுங்கள். அங்கே மாதம்தான் முன்னால் வரும் என்பதால் 5.7 என்பது மே 7 ஆகிவிடும். "பதிவு எதுவும் இல்லை" என்ற பதில் வந்தால் உடனே நம்பிவிடாமல் முதலில் இவற்றைச் சரிபாருங்கள்.

சட்டப்படி 20 வேலைநாளில் பதில் வர வேண்டும், தாமதம் சகஜம். வரும் தாள்களில் சில வரிகளை மறைத்துக் கறுப்புப் பட்டைகள் இருக்கும். பட்டையின் அருகே, மறைக்க அனுமதிக்கும் சட்டப்பிரிவாக 7(சி) என்றிருந்தால் பெரும்பாலும் அதிகாரியின் பெயர் போன்ற தனிநபர் விவரம். 7(இ) என்றால் விசாரணை முறை தொடர்பானது. பட்டையைப் பார்த்ததும் தன்மேல் ஏதோ குற்றச்சாட்டு இருப்பதாக யாரும் கலங்க வேண்டாம். மறைத்தது அதிகம் என்று தோன்றினால் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

கோப்பில் முதலில் படிக்க வேண்டியது, விமான நிலையத்தில் அதிகாரியிடம் நீங்கள் கொடுத்த வாக்குமூலம். கேள்வியும் பதிலுமாக ஆங்கிலத்தில் தட்டச்சாகி, பக்கத்துக்குப் பக்கம் உங்கள் சுருக்கொப்பம் இருக்கும். எந்த மொழியில் பேசினீர்கள், மொழிபெயர்ப்பாளர் இருந்தாரா என்ற குறிப்பைப் பாருங்கள். தமிழில் பதில் சொன்னவருக்கு "ஆங்கிலம்" என்று பதிவாகியிருந்தால், வக்கீலிடம் போகும்போது முதலில் காட்ட வேண்டிய வரி அதுதான்.

தூதரகத்தின் விசாக் குறிப்புகள் இந்த வழியில் வராது. அவை தனிச் சட்டப்படி ரகசியம். கிரீன் கார்டு, குடியுரிமைக் கோப்புக்கு யுஎஸ்சிஐஎஸ் எனப்படும் குடியுரிமை, குடியேற்றச் சேவை அலுவலகத்திடம் வேறு மனுப் போட வேண்டும். ஒவ்வொரு பயணத்திலும் தனியறைக்கு அழைக்கப்படுகிறவர்கள், பெயர்க்குழப்பம் என்று சந்தேகப்பட்டால், உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் "டிரிப்" திட்டத்தில் முறையிடலாம். அதில் கிடைக்கும் ஏழு இலக்க எண்ணை டிக்கெட் எடுக்கும்போதே பதிய வேண்டும்.

புதிய விசாவுக்கு நேர்காணல் தேதி வாங்கிய பிறகு இந்த மனுவைப் போட்டால், கோப்பு வருவதற்குள் நேர்காணல் முடிந்துவிடும். டிஎஸ்-160ஐத் திறப்பதற்குப் பல மாதங்கள் முன்னதாகவே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
பயண ஆவண ஆலோசகர்,
திருச்சி