இறந்தவர் பெயரில் நிற்கும் பத்மினி: போக்குவரத்துத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போக்குவரத்துத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். பழைய கார் வைத்திருப்பவர்களும், அவற்றுக்கு வேலை பார்க்கும் மெக்கானிக்குகளும் சேர்ந்து இதை எழுதுகிறோம். கணவர் இறந்த பிறகு அவருடைய பத்மினி காரைத் தன் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லி ஒரு அம்மா ஏழு மாதமாக அலைகிறார். கோப்பு உங்களிடம்தான் இருக்கிறது. இருந்தாலும் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறோம். கேட்பது ஒன்றுதான்: என்னென்ன வேண்டும் என்பதை ஒரே தடவையில், எழுத்தில் கொடுங்கள்.

வண்டி 1984 மாடல் பிரீமியர் பத்மினி. 1089 சி.சி., ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் கியர், முன்னால் ஒரே நீள சீட். நடுவில் கியர் தடி இல்லாததால் இரண்டு மகள்களும் அப்பாவை ஒட்டி உட்கார்ந்தே பள்ளிக்கூடம் போய் வந்தார்கள். அவர் எழுதி வைத்த கணக்கு நோட்டு இன்னும் டேஷ்போர்டு அறையில் இருக்கிறது. ஆயில் மாற்றியது, பிளாட்டினம் பாயிண்ட் இடைவெளியை 0.45 மில்லிமீட்டரில் வைத்தது, பிரேக் ஷூ மாற்றியது எல்லாம் தேதியோடு இருக்கின்றன. அதே வரிசையில், அதே கையெழுத்தில், 'பெரியவளுக்குக் காது குத்து, குலதெய்வம் கோயில், போக வர 186 கி.மீ.' என்று ஒரு வரி. இன்னொரு பக்கத்தில், 'சின்னவளுக்கு வலி, ஆஸ்பத்திரி, ராத்திரி 2.10, முதல் செல்ஃபிலேயே ஸ்டார்ட்.' அந்த மனிதருக்கு வண்டிக் கணக்கும் வீட்டுக் கணக்கும் வேறு வேறாக இருந்ததில்லை. அந்த வண்டியை விற்க அவர்களுக்கு மனமில்லை. ஓட்ட வேண்டும் என்கிறார்கள்.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தகவல் சொல்ல வேண்டும். மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்றத்துக்கான படிவம் 31-ல் விண்ணப்பிக்க வேண்டும். அந்த மூன்று மாதமும் வாரிசு வண்டியை ஓட்டலாம். குடும்பம் இரண்டு கெடுவையும் தவறவிடவில்லை. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், மகள்களின் சம்மதக் கடிதம் எல்லாம் கொடுத்தாயிற்று.

முதல் தடவை, நம்பர் கம்ப்யூட்டரில் இல்லை என்றார்கள். டி.என். வரிசை வருவதற்கு முந்தைய நம்பர் அது. காகிதப் பதிவேட்டில்தான் இருக்கும். அதைப் பார்த்து 'பேக்லாக்' ஏற்ற வேண்டியது, அதாவது பழைய பதிவைக் கம்ப்யூட்டரில் சேர்க்க வேண்டியது, அலுவலகத்தின் வேலை. அதற்கு எதற்கு வண்டியும் குடும்பமும் வாசலில் நிற்க வேண்டும்?

இரண்டாவது தடவை நடந்ததுதான் எங்களால் பொறுக்க முடியாதது. வண்டியின் உடலில் பொறித்திருக்கும் சேசிஸ் நம்பரின் பென்சில் பிரிண்ட் (மேலே தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் படி) தெளிவாக இல்லை, 'நல்லா தேய்ச்சு எடுத்துட்டு வாங்க' என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வெளியே நின்ற ஒரு பையன் உப்புத்தாளை எடுத்து நம்பரையே தேய்த்துவிட்டான். மூன்றாவது தடவை, நம்பர் சிதைந்திருக்கிறது, யாரோ கை வைத்திருக்கிறார்கள், தடயவியல் அறிக்கை வாங்கி வாருங்கள் என்று அதே அலுவலகம் சொன்னது. நாற்பது வருடம் ஒரே கையில் இருந்த வண்டி, ஐயா. கணவனைப் பறிகொடுத்த பெண்ணிடம் திருட்டு வண்டிக்குக் கேட்கும் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்.

பழைய வண்டியில் பஞ்ச் செய்த எழுத்து பள்ளமாக இருக்கும். பெயிண்டும் கிரீஸும் தூசியும் அந்தப் பள்ளத்தை அடைத்திருக்கும். உப்புத்தாள் பள்ளத்துக்குள் போகாது. சுற்றியுள்ள தகட்டைத்தான் அரைக்கும். மேடு குறையக் குறைய பள்ளமும் ஆழமிழந்து, 3, 6, 8 மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். செய்ய வேண்டியது வேறு. தின்னர் நனைத்த துணியை எழுத்தின் மேல் இரண்டு மூன்று நிமிடம் ஒத்தி வைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் பள்ளத்தைச் சுரண்ட வேண்டும். கம்பி பிரஷ் கூடவே கூடாது. ஈரம் காய்ந்ததும் மெல்லிய தாளை அசையாமல் ஒட்டி, 2பி பென்சிலைப் படுக்க வைத்து ஒரே திசையில் தேய்த்தால் எழுத்து வெள்ளையாக எழும்பி வரும். பிறகு துரு ஏறாமல் இருக்க விரல் நுனியில் கொஞ்சம் கிரீஸ். பத்து நிமிட வேலை. இதை ஆய்வாளர் முன்னிலையில் செய்திருந்தால் இந்த மடலுக்கே அவசியம் இருந்திருக்காது.

மூன்று மாதம் தாண்டியதால் வண்டியை ரோட்டில் எடுக்கப் பயந்து, ஒவ்வொரு தடவையும் ரீகவரி வண்டியில் ஏற்றித்தான் கொண்டு வருகிறார்கள். நிற்கும் வண்டி சும்மா நிற்பதில்லை. கார்புரேட்டரில் பெட்ரோல் வற்றிப் பிசினாகி, ஜெட் என்னும் சிறு துளையை அடைக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கிறது. அதைத் தாங்கும்படி செய்யப்படாத பழைய ரப்பர் ஹோஸ்கள் வெடிக்கின்றன. பிரேக் ஆயிலும் ஈரம் குடித்து வீல் சிலிண்டரைத் துருப்பிடிக்க வைக்கிறது. கிளச் பிளேட் ஃபிளைவீலோடு ஒட்டிக்கொள்கிறது. போர்டிகோவில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்தினால் சைலன்சருக்குள் தண்ணீர் சேர்வதுதான் மிச்சம், பேட்டரியும் ஏறாது. இருபது நிமிடமாவது ரோட்டில் ஓட வேண்டும். அதற்குத்தான் வழியில்லாமல் இருக்கிறது.

50 வருடம் தாண்டிய கார்களுக்கு விண்டேஜ் பதிவு என்று 2021-ல் விதி வந்தபோது சந்தோஷப்பட்டோம். ஆனால் அந்த வயது வரை வண்டி பிழைத்துக் கிடக்க வேண்டாமா? 600 ரூபாயாக இருந்த மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. அதையும் கட்டி, எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி, முறையாக வைத்திருப்பவர்களைத்தான் இப்படி அலைக்கழிக்கிறார்கள். புரோக்கரிடம் போனால் ஒரு வாரத்தில் முடியும் என்று வாசலிலேயே சொல்கிறார்களே, அது உங்கள் காதுக்கு எட்டவில்லையா? ஆர்.சி.யில் நாமினி பெயர் சேர்க்கலாம் என்பதும் 2021 முதல் விதியில் இருக்கிறது. அதைச் சொல்லும் ஒரு போர்டைக்கூட நாங்கள் எந்தக் கவுண்டரிலும் பார்த்ததில்லை.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்தருளுங்கள். எங்கள் வேண்டுகோள் இதுதான். பேக்லாக்கை முடித்துவிட்டுக் குடும்பத்தைக் கூப்பிடுங்கள். வண்டியைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் ஒரு ஆய்வாளரை வீட்டுக்கு அனுப்புங்கள். தின்னரும் தாளும் பென்சிலும் நாங்கள் கொண்டு வருகிறோம். எஞ்சின் பிளாக்கில் உள்ள நம்பர் தொடப்படாமல் அப்படியே இருக்கிறது. அதையும் உங்கள் பதிவேட்டையும் வைத்துச் சரிபாருங்கள். அதற்கு மேலும் ஏதாவது வேண்டுமென்றால், ஒரே தடவையில், எழுத்தில் கொடுங்கள்.

வருகிற 28-ம் தேதியோடு இன்சூரன்ஸ் முடிகிறது. இறந்தவர் பெயரில் புதுப்பிக்க முடியாது என்கிறது கம்பெனி. புதுப் பெயரில் ஆர்.சி. கேட்கிறது. தயவுசெய்து அதற்குள் பார்த்து முடித்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பழைய கார் உரிமையாளர்களும் மெக்கானிக்குகளும்