இன்டர்வியூ மேசையில் உட்காரும் மகளுக்கு

அன்பு பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதிலிருந்து மனசு அதையே சுற்றிக்கொண்டிருக்கிறது. உன் அமெரிக்கக் கம்பெனியில் ஆள் எடுக்கும் குழுவில் உன்னைப் போட்டிருக்கிறார்கள் என்றாய். ரொம்ப சந்தோஷம். கூடவே இன்னொன்றும் சொன்னாய். ஒரு கறுப்பின இளைஞர் வந்திருந்தார், கோடிங் சுற்றில் நன்றாகவே செய்தார், ஆனால் ‘டீமுக்கு செட் ஆவாரா தெரியலை’ என்று இரண்டு பேர் சொன்னதும் அறையில் பேச்சு அடங்கிவிட்டது, முடிவு அடுத்த வாரம். அதற்குள் குழந்தை அழுதது, வைத்துவிட்டாய். இது போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

எனக்குத் தெரிந்த தொழிலிலிருந்தே ஆரம்பிக்கிறேன். டெலிபோன் பழுது பார்த்துத்தான் உன்னைப் படிக்கவைத்தேன். அந்தக் கனத்த கறுப்பு ரிசீவர் உனக்கு ஞாபகம் இருக்கும். பேசும் பக்கத்து மூடியைத் திருகினால் உள்ளே ஒரு வட்டமான டப்பி, அதற்குள் கரித்தூள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் இறங்கி அந்தத் தூள் கட்டிக்கொள்ளும். குரல் கொரகொரக்கும். டப்பியை எடுத்து உள்ளங்கையில் நாலு தட்டு தட்டினால் கொஞ்ச நாள் ஓடும், பிறகு மறுபடியும் புகார் வரும். அப்புறம் பட்டன் போன் வந்தது. அதைத் திறந்து பார்த்தபோது கரித்தூள் டப்பியைக் காணோம், சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு மைக் உட்கார்ந்திருந்தது. மழைப் புகார் பாதி குறைந்துபோனது.

அந்தப் பொத்தான் மைக்கின் பெயர் எலெக்ட்ரெட் மைக். 1962இல் பெல் ஆய்வகத்தில் அதை உருவாக்கியவர்கள் இருவர்: கெர்ஹார்ட் செஸ்லர், ஜேம்ஸ் வெஸ்ட். மெல்லிய பிளாஸ்டிக் தாளில் மின்னேற்றத்தை நிரந்தரமாகத் தங்கவைத்ததுதான் அதன் சூட்சுமம். டெலிபோன், டேப்ரெக்கார்டர், காது கேட்கும் கருவி என்று பல பத்தாண்டுகள் உலகத்தின் குரலெல்லாம் அதன் வழியாகத்தான் போனது. ஜேம்ஸ் வெஸ்ட் 1931இல் வர்ஜீனியாவில் பிறந்த கறுப்பினத்தவர். இயற்பியல் படிக்கப் போகிறேன் என்று அவர் சொன்னபோது வீட்டில் எதிர்ப்பு, டாக்டருக்குப் படி என்றார்கள். அவருடைய அப்பா, அறிவியலில் டாக்டர் பட்டம் வாங்கிய மூன்று கறுப்பின ஆண்களை மகனுக்கு அறிமுகப்படுத்தி வைத்தாராம். அத்தனை படித்தும் அவர்களுக்குக் கிடைத்திருந்த நல்ல வேலை தபால் அலுவலகத்தில்தான். அந்த அப்பா கல் நெஞ்சக்காரர் இல்லை. பிள்ளை படித்துவிட்டு அவமானப்படக் கூடாதே என்று பயந்திருக்கிறார். அந்தப் பயத்தை நான் நன்றாக அறிவேன்.

ராய் கிளே என்று இன்னொருவர். 1951இல் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தில் கணிதப் பட்டம் வாங்கினார். ஒரு விமானக் கம்பெனி விண்ணப்பத்தைப் பார்த்து இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. காகிதத்தில் நிறம் தெரியவில்லை. நேரில் போய் நின்றதும், படித்த கறுப்பர்களுக்கு இங்கே வேலை இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பிவிட்டார்கள். சில வருஷம் கழித்து அதே கம்பெனி அவரைப் புரோகிராமராக எடுத்துக்கொண்டது. அங்கிருந்து கலிபோர்னியா போனார். ஹியூலெட் பேக்கர்ட் தன் முதல் கம்ப்யூட்டரை 1966இல் வெளியிட்டபோது அதற்கான சாஃப்ட்வேர் வேலைக்குத் தலைமை ஏற்றவர் அவர். 1973இல் பாலோ ஆல்டோ நகர மன்றத்துக்குத் தேர்வான முதல் கறுப்பின உறுப்பினரும் அவரே. நீ வார இறுதியில் காய்கறி வாங்கப் போகிற அதே ஊர். 2024இல்தான் காலமானார்.

இன்னும் இருக்கிறார்கள். 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் ஆரம்பக் காப்புரிமைகள் ஒன்பதில் மூன்று மார்க் டீன் பெயரில் உள்ளவை. கேசட் மாற்றி மாற்றி நீயும் தம்பியும் வீடியோ கேம் விளையாடினீர்களே, அந்த முறையைக் கடைக்குக் கொண்டுவந்த குழுவை 1976இல் நடத்தியவர் ஜெர்ரி லாசன். ஆகவே அந்த ஆட்களுக்கு இந்தத் துறை புதிது, இனிமேல்தான் பழகணும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. உங்கள் கட்டடங்கள் எழும்புவதற்கு முன்னாலேயே அவர்கள் அங்கே இருந்தார்கள்.

பிறகு ஏன் இத்தனை குறைவு? 2014இல் கூகுள் முதல் முறையாகத் தன் ஊழியர் கணக்கை வெளியிட்டது. தொழில்நுட்ப வேலையில் இருந்தவர்களில் கறுப்பினத்தவர் 1 சதவீதம், ஆசியர் 34 சதவீதம். அமெரிக்க மக்களில் கறுப்பினத்தவர் ஏறத்தாழ 13 சதவீதம். அந்த 34இல் நம் ஆட்களும் இருக்கிறார்கள், பாப்பா. உழைத்துத்தான் போனார்கள், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் உள்ளே போன வழியையும் பார்க்கணும். உன் காலேஜ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வேலை விழுந்தால் அன்றைக்கு ராத்திரிக்குள் எத்தனை ஜூனியர் ரெஸ்யூமே வருகிறது என்று நீயே சொல்லியிருக்கிறாய். ரெஃபரல் போட்டுவிடு அக்கா, அதாவது கம்பெனிக்குள்ளிருந்து சிபாரிசு செய் என்பார்கள், நீயும் போடுவாய். தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று போகிற அந்தச் சங்கிலி, யாரையும் வெறுக்காமலேயே, வெளியே நிற்பவரை வெளியிலேயே நிறுத்திவிடும். அவருக்கு அந்தக் குரூப்பில் யார் இருக்கிறார்கள்?

லெஸ்லி மைலி என்ற கறுப்பினப் பொறியாளர் ட்விட்டரில் எஞ்சினியரிங் மேனேஜராக இருந்தவர். 2015இல் வெளியே வந்து காரணத்தை வெளிப்படையாக எழுதினார். எல்லாத் தரப்பு ஆட்களையும் எடுக்க என்ன செய்யப் போகிறோம் என்று கேட்டபோது மேலதிகாரி சொன்ன பதில், அது முக்கியம்தான், ஆனால் தரத்தைக் குறைக்க முடியாது என்பது. யாரும் தரத்தைக் குறைக்கச் சொல்லவில்லையே! இந்தப் பதிலைப் படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தகுதி போச்சு, திறமை போச்சு என்று இட ஒதுக்கீட்டில் வந்த ஒவ்வொருவர் முகத்துக்கு முன்னாலும் நம் ஊரில் சொல்லப்பட்டது இதுவேதான். வேலையைப் பார்ப்பதற்கு முன்பே ஆளைச் சந்தேகிக்கிற பேச்சு.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நாம் வாடகை வீடு தேடி அலைந்தோமே. யாரும் ‘உனக்குத் தர மாட்டேன்’ என்று சொன்னதில்லை. எந்த ஊரு என்பார்கள், ஊரில் எந்தத் தெரு என்பார்கள், குலசாமி எது என்பார்கள். கடைசியில் ‘வீட்டில் கலந்துட்டு சொல்றோம்’. காபிகூடக் கொடுத்து அனுப்பியவர்கள் உண்டு. மரியாதையாகத்தான் கதவு சாத்தப்பட்டது. ‘டீமுக்கு செட் ஆவாரா’ என்று நீ சொன்னதும் எனக்கு அந்த வீட்டுக்காரர்கள்தான் கண்முன் வந்தார்கள். 1951இல் ராய் கிளேயிடம் முகத்துக்கு நேரே சொன்னார்கள். 1964இல் சிவில் உரிமைச் சட்டம் வந்த பிறகு அப்படிச் சொல்ல முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இது வெறும் மனப்பிரமை இல்லை என்பதற்கு நம் மண்ணில் பிறந்தவர் ஒருவரே சாட்சி. தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் பிறந்து சின்ன வயதில் அமெரிக்கா போன பொருளாதார அறிஞர் செந்தில் முல்லைநாதன். அவரும் மரியான் பெர்ட்ராண்டும் பாஸ்டன், சிகாகோ பத்திரிகைகளில் வந்த வேலை விளம்பரங்களுக்கு ஏறக்குறைய 5,000 ரெஸ்யூமே அனுப்பிப் பார்த்தார்கள். சேல்ஸ், கிளார்க் மாதிரியான வேலைகள். தகுதியில் வித்தியாசம் இல்லை, மேலே எழுதிய பெயர்தான் வேறு. வெள்ளையர் பெயருக்குப் பத்து அனுப்பினால் ஒரு அழைப்பு, கறுப்பினப் பெயருக்குப் பதினைந்து அனுப்ப வேண்டியிருந்தது. 2004இல் வெளிவந்த ஆய்வு. ஆளைப் பார்க்கவே இல்லை, பேச்சைக் கேட்கவே இல்லை.

நாங்கள் அங்கே வந்திருந்தபோது உன் டீமில் இருக்கும் கறுப்பினத் தம்பி சாப்பிட வந்தாரே, அவர் பேசியதை நான் மறக்கவில்லை. சனிக்கிழமை ஆபீசுக்குப் போனால் காரிலிருந்து இறங்கும் முன்பே அடையாள அட்டையைச் சட்டைக்கு வெளியே எடுத்துப் போட்டுக்கொள்வாராம். குளிரானாலும் தலைமூடி வைத்த ஸ்வெட்டர் போடுவதில்லையாம். அப்படியும் வாசலில் ஒருவர், ‘டெலிவரிக்கா?’ என்று கேட்டிருக்கிறார். மீட்டிங்கில் அவர் குரலை எப்போதும் கீழேயே வைத்திருப்பார் என்று நீ சொன்னாய். ஒருமுறை அழுத்திப் பேசியதற்கு ‘பேச்சு பயமுறுத்துகிறது’ என்று வருஷாந்திர மதிப்பீட்டில் எழுதிவிட்டார்களாம். நம் பையன்கள் மேசையைத் தட்டிக் கத்தினால் அது வேலையில் உள்ள ஆர்வம்! அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார். அத்தனை வருஷ அனுபவமுள்ள மனுஷன், வேலையில் செலவிட வேண்டிய புத்தியைத் தன் குரலையும் கையையும் காவல் காப்பதற்குச் செலவு பண்ணுகிறார்.

இன்னொரு கணக்கும் நமக்கு இருக்கிறது. 1946இல் போட்ட சட்டப்படி இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு 100 பேர்தான் அங்கே குடியேறலாம். 1965 குடியேற்றச் சட்டம்தான் அந்தத் தடையை உடைத்தது. அது எந்த நேரத்தில் வந்தது? கறுப்பின மக்கள் அடிபட்டு, ஜெயிலுக்குப் போய், உயிரைக் கொடுத்து 1964இல் சிவில் உரிமைச் சட்டத்தையும் 1965இல் வாக்குரிமைச் சட்டத்தையும் வாங்கிய அதே காற்றில். நாம் நுழைந்த கதவை இழுத்துத் திறந்ததில் அவர்கள் கை இருக்கிறது. சொந்தக்காரர்கள் சிலர் ‘அந்த ஆட்கள் இருக்கிற ஏரியாவில் வீடு பார்க்காதே’ என்று உனக்குப் புத்தி சொல்கிறார்களே, அவர்களுக்கு இந்தக் கதை தெரியாது. முடிந்தால் சொல்லு.

உன்னைச் சண்டை போடச் சொல்லவில்லை. நீ விசாவில் இருக்கிறாய், வாயைத் திறந்து வம்பில் மாட்டிக்கொள்வாளோ என்று அம்மா பயப்படுகிறாள். அந்தப் பயம் நியாயமானதுதான். கறுப்பினத்தவருக்கு இடம் தருவோம் என்று 2020இல் பெரிய பெரிய வாக்குறுதி கொடுத்த கம்பெனிகள் பல 2025இல் பின்வாங்கிவிட்டன. கூகுள்கூட ஆள் எடுப்பதில் வைத்திருந்த இலக்கைக் கைவிட்டது. ஆனால் அடுத்த வாரம் கூடும்போது ஒரு கேள்வி கேட்க யாருடைய அனுமதியும் வேண்டாம். செட் ஆக மாட்டார் என்றால் எந்தப் பதிலில், எந்த இடத்தில், என்று அந்த இருவரிடம் கேள். எழுதித் தரச் சொல். போன மாதம் எடுத்த ஆளுக்கும் இதே கேள்வி போட்டோமா என்று பார். அவர் எழுதிய புரோகிராம் உண்மையிலேயே சரியில்லை என்றால் வேண்டாம் என்று சொல், அவரும் அதைவிட வேறு சலுகை கேட்க மாட்டார். இனிமேலாவது, ஆள் வருவதற்கு முன்பே என்ன கேட்பது, எதற்கு எவ்வளவு மார்க் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஜூனியர்களுக்கு ரெஃபரல் போடு, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கூடவே ஹோவர்ட் பல்கலைக்கழகம், நார்த் கரோலினா ஏ அண்ட் டி மாதிரி கறுப்பின மாணவர்கள் அதிகம் படிக்கிற இடங்களில் படித்தவர்களின் ரெஸ்யூமேவையும் என் மேசைக்கு அனுப்புங்கள் என்று ஆள் எடுக்கும் பிரிவுக்கு ஒரு மெயில் தட்டு. அதற்கு எவ்வளவு நேரமாகிவிடும்?

அந்தத் தம்பியின் பிரமோஷன் பேச்சு எப்போது வருகிறது? மதிப்பீட்டில் எழுதிய அந்த வரியை எடுக்கவைக்க முடியுமா என்று பார். கூட இருந்து பார்த்தவள் நீ, உன் சாட்சிக்கு எடை இருக்கும். ஆனால் அவரைக் கேட்காமல் செய்யாதே, அவருக்கு அது இன்னொரு தலைவலியாகக்கூட முடியலாம்.

என்ன முடிவானது என்று எழுது. எடுக்கவில்லை என்றால் என்ன காரணம் சொன்னார்கள் என்பதையும் எழுது. மாவடு பார்சல் இந்த வாரம் போகிறது, அந்தத் தம்பிக்கும் ஒரு பாட்டில் தனியாக வைக்கச் சொன்னாள் அம்மா.

அன்புடன்,
அப்பா