உடைந்த பலகைகளும் அதே பெட்டியில்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அனுப்பின வீடியோவைக் கடைசி வரைக்கும் பார்த்தேன். மோசே காலத்தில் இஸ்ரவேலர் செய்த உடன்படிக்கைப் பெட்டி எத்தியோப்பியாவில் அக்சூம் நகரத்து ஆலயத்தில் இருக்கிறதாம். இல்லை, எரேமியா தீர்க்கதரிசி அதை மலைக் குகையில் ஒளித்தாராம். இரண்டும் பழைய நம்பிக்கைகள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் கி.மு. 586-ல் பாபிலோனியர் எருசலேம் ஆலயத்தைச் சுட்டெரித்த பிறகு அந்தப் பெட்டியைக் கண்ணால் கண்டதாக உறுதியான சான்று எதுவும் இல்லை. கி.மு. 63-ல் ரோமத் தளபதி பாம்பே, ஆலயத்தின் உள்ளறையான மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் நுழைந்தபோதும் அங்கே பெட்டி கிடையாது. எங்கே போனது என்று தேடுகிற ஆசை எனக்கு வரவில்லை. அதற்குள் என்ன இருந்தது என்பதில்தான் மனசு நிற்கிறது.

ஞாயிறு பள்ளியில் தாத்தா அதை அளந்து காட்டினது நினைவிருக்கிறதா? நீளம் 2½ முழம், அகலமும் உயரமும் 1½ முழம். தன் முழங்கையைத் தரையில் வைத்து முழம் போட்டு, சாக்பீஸால் கோடு கிழித்து, உங்களை அதைச் சுற்றி உட்கார வைப்பார். சீத்திம் மரம், உள்ளேயும் வெளியேயும் பொன்தகடு, மேலே கிருபாசனம் என்கிற பொன் மூடி, அதில் ஒன்றையொன்று பார்த்தபடி கேருபீன்கள் என்கிற சிறகுள்ள இரண்டு உருவங்கள். அந்த இரண்டுக்கும் நடுவிலிருந்து பேசுவேன் என்றுதான் கர்த்தர் மோசேயிடம் சொன்னார். சுற்றியிருந்த நாடுகளில் சாமி சிலை நிற்கிற இடத்தில் இஸ்ரவேலருக்கு வெற்றிடம்தான்.

பெட்டியைச் சுமக்கிற தண்டுகளைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் தாத்தா குரல் உயரும். வளையங்களில் போட்ட தண்டுகளைக் கழற்றவே கூடாது என்பது கட்டளை. வண்டியில் ஏற்றவும் கூடாது, ஆலய வேலைக்கான லேவியரில் கோகாத் வம்சத்தார் தோளில்தான் சுமக்க வேண்டும். ஆசாரியன் ஏலியின் பிள்ளைகள் அதைத் தாயத்து மாதிரி போர்க்களத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்த் தோற்றார்கள். பெட்டி 7 மாதம் எதிரிகளான பெலிஸ்தர் கையில் கிடந்தது.

உள்ளே பத்துக் கட்டளைகள் எழுதின இரண்டு கற்பலகைகளைத் தவிர வேறொன்றும் இல்லை என்று வேதாகமத்தில் 1 இராஜாக்கள் சொல்கிறது. ஆனால் யூத ரபிமார் உபாகமம் 10-ஆம் அதிகாரத்தை வேறு விதமாக வாசித்தார்கள். ‘நீ உடைத்துப்போட்ட’ என்ற சொல்லும் ‘பெட்டியிலே வை’ என்ற சொல்லும் அங்கே ஒரே வசனத்தில் வருகின்றன அல்லவா? அதனால், பொன் கன்றுக்குட்டியைக் கண்டு மோசே மலையடிவாரத்தில் உடைத்தாரே, அந்த முதல் பலகைகளின் துண்டுகளும் பிறகு செய்த முழுப் பலகைகளோடு அதே பெட்டியில்தான் இருந்தன என்றார்கள். லேவியர் இரண்டையும் சேர்த்தே சுமந்திருக்கிறார்கள். யூத ரபிமாரின் போதனை நூலான தல்மூதில் இதை எதற்காகச் சொல்கிறார்கள் தெரியுமா? தன் குற்றம் இல்லாமல் படித்ததை மறந்துபோன முதியவரை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்கிற இடத்தில்.

போன வாரம் போனில் தாத்தா “நீ யாரு பிள்ளை?” என்று கேட்டதும் நீ அழுதுகொண்டே வைத்துவிட்டாய். அவருக்கு அது தெரியாது. எனக்குத்தான் ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. 119-ஆம் சங்கீதத்தின் 176 வசனங்களையும் பார்க்காமல் சொன்ன மனுஷன் அவர். இன்றைக்கு மாத்திரை போட்டாரா என்பதே அவருக்கு ஞாபகமில்லை. குளிப்பாட்டும்போது கோபப்படுகிறார், என்னை அவர் அக்கா என்று நினைத்துக் கூப்பிடுகிறார். நானும் சில நாள் எரிந்து விழுகிறேன், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் கூப்பிடு. எடுத்த உடனே “என்னைத் தெரியுதா தாத்தா?” என்று மட்டும் கேட்காதே. உன் பேரைச் சொல், பிறகு 23-ஆம் சங்கீதத்தின் முதல் வரியை எடுத்துக் கொடு. நேற்று என்னோடு மூன்றாம் வசனம் வரைக்கும் வந்தார்.

அன்புடன்,
அம்மா